பெல் அண்ட் செபாஸ்டியன் மதிப்பெண் பட்டியல்: இ.பி.க்களை என்ன செய்வது?

வணக்கம் நண்பர்களே. கிளாஸ்கோவின் பெல் அண்ட் செபாஸ்டியன் இசைக்குழுவின் ஆல்பங்களுக்கு நாம் பத்துக்கு இத்தனை என்று போட்ட மதிப்பெண்களை ஒரே பட்டியலாகத் தொகுத்து வருகிறேன். சில இடங்களில் உங்கள் யோசனை வேண்டும்.

முக்கியமான சிக்கல், 1997இல் வந்த மூன்று இ.பி.க்கள் (சில பாடல்களே கொண்ட, ஆல்பத்தைவிடச் சிறிய வெளியீடுகள்). ஆல்பம் மட்டும்தான் கணக்கு என்றால் அவற்றில் ஒன்றான 'லேஸி லைன் பெயின்ட்டர் ஜேன்' வெளியே போய்விடும். குழுவின் பாடகர் ஸ்டூவர்ட் மர்டாக்கின் மெல்லிய குரலை ஓரங்கட்டிவிட்டு விருந்தினர் பாடகி மோனிகா குவீன் மேலேறும் இடமும், கடைசியில் நிற்காமல் ஓடும் அந்த ஆர்கனும் இல்லாமல் என்ன பட்டியல்? இ.பி.க்களைத் திரட்டி 2005இல் வந்த 'புஷ் பார்மன் டு ஓப்பன் ஓல்ட் வூண்ட்ஸ்' தொகுப்பையே ஓர் ஆல்பமாக எடுத்துக்கொள்ளலாமா?

அப்புறம் 'இஃப் யூ ஆர் ஃபீலிங் சினிஸ்டர்'. 1996 பதிவின் ஒலி மெலிந்திருக்கிறது என்று சிலர் ஆறு போடுகிறார்கள். அவர்களே 2005 பார்பிகன் அரங்க நேரடிப் பதிவுக்கு ஒன்பது தருகிறார்கள்! இரண்டையும் தனித்தனியாக எண்ணவா? எனக்கு அந்த மெலிந்த ஒலிதான் பிடிக்கும், அது வேறு கதை. ட்ரெவர் ஹார்ன் தயாரித்த 2003 ஆல்பம் பற்றிய சண்டையை மட்டும் தயவுசெய்து மறுபடி தொடங்காதீர்கள்.

இன்னொன்று: 'டைகர்மில்க்' 1996இல் வெறும் 1000 வினைல் பிரதிகளாக வந்தது, பரவலாகக் கிடைத்தது 1999 மறுவெளியீட்டில்தான். ஆண்டுவாரியாக அடுக்கும்போது எங்கே வைப்பது? ஞாயிற்றுக்கிழமைக்குள் சொன்னால் பட்டியலை முடித்துவிடுவேன்.