தொல்லை இருக்கிற இடத்தில் தொழில் இருக்கிறதா?

கொங்கு வாசகன்
போன வாரம் ஒரு கூட்டத்தில் பேசியவர், "தினமும் உங்களுக்கு எரிச்சல் தருவதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதுங்கள், அதில் ஒன்றுதான் உங்கள் தொழில்" என்றார். எனக்குச் சரியென்றே படுகிறது. கோவை அருணாசலம் முருகானந்தம், மனைவி பழைய துணியை மறைத்து எடுத்துப் போவதைப் பார்த்தார். மலிவு விலை நாப்கின் இயந்திரம் வந்தது. 2005 தீபாவளிக்கு பெங்களூரிலிருந்து ஹைதராபாத் போக பஸ் டிக்கெட் கிடைக்காமல் தவித்தார் பணீந்திர சாமா. ரெட்பஸ் வந்தது. எல்லாம் கண்ணெதிரேதான் இருக்கிறது, பார்க்கத்தான் ஆளில்லை. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

கணக்குப்பிள்ளை
பார்க்க ஆளில்லையா? அந்தப் பழைய துணியைப் பார்க்காத வீடு எது? முருகானந்தம் பார்த்தது ஒரு நிமிடம். கம்பெனி நாப்கினுக்கு உள்ளே இருப்பது வெறும் பஞ்சு இல்லை, மரக்கூழ் செல்லுலோஸ் என்று கண்டுபிடிக்க ஆனது வருடக்கணக்கில். கால்பந்து பிளாடரில் ஆட்டு ரத்தத்தை நிரப்பிக் கட்டிக்கொண்டு நடந்தார், ஊர் பைத்தியம் என்றது, மனைவியும் பிரிந்து போயிருந்தார். மேடையில் அந்த முதல் நிமிடத்தை மட்டும் சொல்லிக் கைதட்டல் வாங்கிவிடுகிறார்கள்.

நானும் எழுதியவன்தான். மாவாட்டுவது தொல்லை என்று எங்கள் ஊரில், தேனிப் பக்கம், இட்லி மாவு பாக்கெட் போட்டேன். வீட்டுக்கு வீடு கிரைண்டர், கூடவே ஒரு அப்பத்தா. விருந்தாளி வந்தால் ஒரு பாக்கெட் வாங்குவார்கள், அவ்வளவுதான். விற்காததைப் புளித்துப் பொங்கிய நிலையில் கடைக்காரர் திருப்பிக் கொடுப்பார். ஆறே மாதம். கிரைண்டரைப் பாதி விலைக்குத் தள்ளிவிட்டேன்.

மாவுக்காரி
அண்ணா, படிக்கவே கஷ்டமாக இருக்கிறது. நான் திருப்பூரில் அதே மாவைத்தான் விற்கிறேன், ஐந்து வருடமாக ஓடுகிறது. இங்கே புருஷன் பெண்டாட்டி இருவரும் பனியன் கம்பெனிக்குப் போகிறவர்கள். ஒன்றரை ஷிஃப்ட் முடிந்து ராத்திரி எட்டரைக்கு வெளியே வந்து எப்போது ஊறவைத்து எப்போது ஆட்டுவது? வாடகை வீட்டில் கிரைண்டர் வைக்க இடமும் கிடையாது. சனிக்கிழமை சம்பளம், ஞாயிறு காலையில் கறிக்குழம்புக்கு இட்லி. அன்றைக்கு மட்டும் இரண்டு மடங்கு போகும்.

கொங்கு வாசகன்
பார்த்தீர்களா! நான் சொன்னதும் இதுதானே?

கணக்குப்பிள்ளை
இல்லை தம்பி, நீங்கள் சொன்னதற்கு நேர் எதிர். தொல்லை இரண்டு ஊரிலும் ஒன்றுதான். அவர் ஊரில் அந்த ஜனம் ஏற்கெனவே தினமும் பரோட்டாக் கடையில் காசு கொடுத்துக்கொண்டிருந்தது. எங்கள் ஊரில் அப்பத்தா சும்மா ஆட்டிக் கொடுத்தார். உங்கள் நோட்டில் எரிச்சலுக்கு ஒரு பத்தி இருக்கிறது. அதைத் தீர்க்க இப்போது யார் எவ்வளவு செலவழிக்கிறார்கள் என்பதற்குப் பத்தி எங்கே?

சீயக்காய்
ஒன்று சேர்க்கலாமா? கடலூர் சி.கே. ரங்கநாதன் 1983-இல் 15,000 ரூபாயோடு சிக் ஷாம்பூ ஆரம்பித்தவர். சின்ன பாக்கெட் என்ற யோசனை அவருடையதே இல்லை, அப்பா சின்னிகிருஷ்ணன் முன்பே செய்தது. பாட்டில் வாங்க முடியாதவர்களுக்கு ஒருமுறைக் குளியலுக்கான அளவு. மகன் கிராமம் கிராமமாக ஆட்களை அனுப்பிப் பையன்கள் தலையில் தேய்த்துக் காட்டவைத்தார், காலி பாக்கெட்டுகளைக் கொண்டுவந்தால் ஒன்று இலவசம் என்றார். பெட்டிக்கடையில் சரமாகத் தொங்கியதும்தான் வியாபாரம்.

கொங்கு வாசகன்
சரி, விற்பது தனி வித்தை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கணக்குப் பத்தி மட்டும் போதும் என்றால் வங்கி மேனேஜர் எல்லோரும் முதலாளி ஆகியிருக்க வேண்டுமே? 1955-இல் கோவையில் சபாபதி கிரைண்டர் செய்தபோது அம்மிணிகள் ஆட்டுக்கல்லில் சும்மாதான் ஆட்டிக்கொண்டிருந்தார்கள். செலவு பூஜ்யம். உங்கள் பத்தியை நிரப்பியிருந்தால் அந்தக் கிரைண்டர் வந்தே இருக்காது.

கணக்குப்பிள்ளை
இது நல்ல அடி. யோசிக்கிறேன். ஆட்டுக்கல்லில் போனது காசு இல்லை, தோள்பட்டை. அதையும் செலவில் எழுதியிருக்க வேண்டும் போல. எங்கள் அப்பத்தா ஒருநாளும் சொன்னதில்லை.

மாவுக்காரி, ஒன்று கேட்கவேண்டும். ரிட்டர்ன் வருவதில்லையா?

மாவுக்காரி
முதல் வருடம் நிறைய வந்தது, அழுதிருக்கிறேன். இப்போது காலையில் கடைக்குப் போடுவதே இல்லை. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல்தான், அதுவும் முந்தின நாள் விற்றதைக் கேட்டு அதே எண்ணிக்கை. பத்து மணிக்கு ஃப்ரிட்ஜ் காலியாக இருக்கவேண்டும். இரண்டு பாக்கெட் மிஞ்சினால் மறுநாள் எங்கள் வீட்டில் புளித்த தோசை, பிள்ளைகள் முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

எனக்கு இருக்கிற ஒரே எரிச்சல் உளுந்து விலை. அது ஏறும்போது பாக்கெட்டுக்கு இரண்டு ரூபாய் ஏற்றினால் பக்கத்துத் தெருக்காரரிடம் போய்விடுகிறார்கள், உளுந்தைக் குறைத்தால் இட்லி கல்லாகிறது. இதற்கு யாரிடமாவது வழி இருந்தால் நோட்டில் எழுதாமல் இங்கே எழுதுங்கள்.