புதுப்பிப்பு: ரத்தக்குழாயைத் தடுத்தால் கீமோ கட்டிக்குள் எப்படிப் போகும்?

கட்டிக்குப் புது ரத்தக்குழாய் முளைப்பதைத் தடுக்கும் புற்றுநோய் மருந்தான பெவாசிசுமாப் பற்றிய என் முந்தைய இழையில் பலரும் கேட்டது இதுதான். பதிலை இங்கே சேர்க்கிறேன்.

கட்டி சுரக்கும் விஇஜிஎஃப் புரதம் குழாய்களை அவசரகதியில் முளைக்க வைக்கிறது. அவை கோணல்மாணலானவை, கசிபவை. கசிந்த திரவத்தால் கட்டிக்குள் அழுத்தம் ஏறி, மருந்து நுழையத் திணறும். பெவாசிசுமாப் கொண்டு விஇஜிஎஃப்பை அளவோடு தடுத்தால் நோஞ்சான் கிளைகள் உதிரும். மிஞ்சியவற்றை, குழாய்ச் சுவரைத் தாங்கும் பெரிசைட் செல்கள் சுற்றி இறுக்கும். அழுத்தம் இறங்கும், ஆக்சிஜன் கூடும். கதிர்வீச்சுக்கும் அந்த ஆக்சிஜன் தேவை. 2001இல் புற்றுநோய் ஆய்வாளர் ராகேஷ் ஜெயின் முன்வைத்த கருத்து இது. ஆனால் இந்த நிலை நீடிக்காது. டோஸ் மிஞ்சினால் குழாய்கள் மிகவும் குறைந்து, கீமோ போவதும் குறையும். 'கூடக் கொடுத்தால் கூடப் பலன்' என்ற கணக்கு இங்கே செல்லாது.

விஇஜிஎஃப் நோயெதிர்ப்புச் செல்களையும் முடக்கும் என்பதால் இம்யூனோதெரபியோடும் (நோயெதிர்ப்பைத் தூண்டும் சிகிச்சை) பெவாசிசுமாப்பைச் சேர்க்கிறார்கள். கல்லீரல் புற்றுநோயில் 3 வாரத்துக்கு ஒருமுறை இம்யூனோதெரபி மருந்தான அடிசோலிசுமாப் 1,200 மி.கி., பெவாசிசுமாப் உடல் எடையில் கிலோவுக்கு 15 மி.கி. தொடங்குமுன் எண்டோஸ்கோப்பி அவசியம்: உணவுக்குழாயில் புடைத்த நாளங்கள் இருந்தால் ரத்தம் கொட்டும் அபாயம் உண்டு.

ரத்த அழுத்தத்தையும் சிறுநீர்ப் புரதத்தையும் தொடர்ந்து பார்க்க வேண்டும். 24 மணிநேரச் சிறுநீரில் புரதம் 2 கிராம் தொட்டால் மருந்தை நிறுத்திவைப்பார்கள். பெவாசிசுமாப்பின் அரை ஆயுள் (உடலில் மருந்து பாதியாகக் குறையும் காலம்) சுமார் 20 நாள். புண் ஆறுவதையும் இது தடுக்கும். அதனால் திட்டமிட்ட அறுவை சிகிச்சைக்குக் குறைந்தது 28 நாள் முன்பே நிறுத்த வேண்டும். முடிந்தபின் 28 நாளாகி, காயமும் ஆறியிருந்தால்தான் மறுபடி தொடங்கலாம். பல் பிடுங்குவதானாலும் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.