தோழி கையில் ஊசி, என் காதில் இரண்டாவது ஓட்டை

சின்ன வயதில் குத்திய ஒரு ஜோடி ஓட்டை ஏற்கெனவே காதில் இருக்கிறது. குத்தியது நினைவில் இல்லை. இருபத்தேழு வயதில் அதன் பக்கத்தில் இன்னொன்று வேண்டும் என்று ஆசை வந்தது. அறையில் கூட இருந்த தோழிக்கு ஊசி, ரத்தம் எதைப் பார்த்தாலும் பயம் கிடையாதாம். "இதுக்குப் போய் வெளியே யார்கிட்டயும் போகணுமாடி? நானே குத்திவிடுறேன்" என்றாள். நம்பினேன். அந்தத் தைரியம் ஒரு காதுக்கு மட்டும்தான் வரும் என்று எனக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது.

ஊசி விஷயத்தில் மட்டும் ஒழுங்காக இருந்தோம். தையல் ஊசியை லைட்டரில் காட்டிக் குத்துவது வேண்டாம் என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டோம். தீயில் காட்டினால் ஊசியில் கரி படியும், அது அப்படியே காதுச் சதைக்குள் போகும். கிருமி முழுதாகச் செத்ததா என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. கொதிக்கும் நீரையே தாங்கிப் பிழைக்கிற கிருமி வித்துகள் உண்டு; அதனால்தான் ஆட்டோகிளேவ் என்ற கருவியில் அழுத்தம் கொடுத்து 121 டிகிரி நீராவியில் 15 நிமிடமாவது வைக்கிறார்கள். நாங்கள் வாங்கியது அப்படிச் சுத்தம் செய்து தனித்தனி உறையில் அடைத்த, உள்ளே குழலாக இருக்கும் துளையிடும் ஊசி. அவள் 14 கேஜ் எடுக்கப் போனாள், "சின்ன நம்பர்தானே, சின்ன ஊசியா இருக்கும்" என்று. கேஜில் கணக்கு தலைகீழ். எண் ஏற ஏற ஊசி மெலியும். 18 கேஜ் சுமார் 1 மில்லிமீட்டர், 14 கேஜ் 1.6. நல்லவேளை, கடைசி நேரத்தில் பார்த்தேன்.

கம்மல் டைட்டானியம். நிக்கல் கலந்த எதைப் போட்டாலும் எனக்கு அரிக்கும். சர்ஜிகல் ஸ்டீல் என்ற பெயர் நம்பிக்கையாகத்தான் இருக்கிறது, ஆனால் அதிலும் நிக்கல் உண்டு.

குத்த ஒரு நொடிதான். குறி வைக்கத்தான் முக்கால் மணி நேரம் ஆனது. என் பழைய ஓட்டைகள் இரண்டும் ஒரே உயரத்தில் இல்லை என்பதை அன்றைக்குத்தான் கண்டுபிடித்தேன், அதுவும் அவள் சொல்லி. பழைய ஓட்டையிலிருந்து ஸ்கேலால் அளந்து புள்ளி வைத்தால் புதியதும் கோணலாகும். படுத்தால் காதுச் சதை ஒரு பக்கமாக இழுபடும் என்பதால் என்னை நிமிர்ந்து உட்காரவைத்து, நேர் எதிரே நின்று கண்ணளவில் புள்ளி வைத்தாள். ஆறு தடவை அழித்து அழித்து வைத்தோம். இவ்வளவு கவனமாக இருந்தவர்கள் காதின் பின்பக்கம் புள்ளி வைக்க மறந்துவிட்டோம். ஊசி உள்ளே போகும் இடம் தெரியும், எங்கே வெளியே வர வேண்டும் என்பது தெரியாது. அதன் பலனை இன்றும் காதில் மாட்டிக்கொண்டு திரிகிறேன்.

மரத்துப்போகட்டும் என்று ஐஸ் வைத்தது இன்னொரு அசட்டுத்தனம். சதை விறைத்துப்போனது, ஊசியை இன்னும் அழுத்தித் தள்ள வேண்டியிருந்தது. உருகிய தண்ணீரில் ஏழாவது முறையாகப் புள்ளி வேறு அழிந்தது.

"மூச்சை விடு" என்றாள். விட்டேன். சுருக். வலி அவ்வளவுதான். யாரும் எனக்குச் சொல்லாதது சத்தம். ஊசி சதையைக் கடக்கும்போது 'நறுக்' என்று ஒன்று கேட்கும், காதுக்கு அவ்வளவு பக்கத்தில் என்பதால் பெரிதாகவே கேட்கும். கூசிப்போனது.

நிஜமான பாடு அதற்குப் பிறகுதான். ஊசியின் வால்முனையோடு கம்மலின் தண்டை ஒட்டிப் பிடித்து, ஊசியை வெளியே தள்ளத் தள்ள கம்மல் அதன் பின்னாலேயே உள்ளே போக வேண்டும். அவள் கை நடுங்கியதில் இரண்டும் விலகி, ஊசி மட்டும் வெளியே வந்துவிட்டது. "ஓட்டையைக் காணோம்டி" என்றாள். இப்போதுதான் போட்ட ஓட்டை எப்படிக் காணாமல் போகும்? போகிறது. சதை உடனே கூடிக்கொள்கிறது. கம்மலின் முனையால் பத்து நிமிடம் துழாவியதுதான் அன்றைய வலி.

கம்மல் ஒருவழியாக உள்ளே போனதும் அவள் முகம் வெளுத்தது, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பயத்தில் நரம்பு தூண்டப்பட்டு இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் சட்டென்று இறங்கிவிடுவதுதான் இந்த மயக்கம். குத்துகிறவருக்கும் வரலாம் போல. ஒரு காது விண்விண் என்று தெறிக்க, நான் அவளைப் படுக்கவைத்துக் கால்களைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு மணி நேரம் கழித்து மறு காது. புது ஊசி, அதே நடுங்கும் கை. முன்பக்கம் சரியான இடம், பின்பக்கம் சாய்ந்து வெளியே வந்தது. வலது கம்மல் நேராக முன்னால் பார்க்கும், இடது கம்மல் தரையில் எதையோ தொலைத்ததுபோல் கீழே பார்க்கும்.

ஆறியது நன்றாகத்தான் ஆறியது. உறையில் வரும் 0.9 சதவீத சலைனால், அதாவது சுத்தமான உப்புநீரால், காலையும் இரவும் துடைத்தேன், அவ்வளவே. ஸ்பிரிட் தொடவில்லை, அது புதிதாக உருவாகும் தோலையும் சேர்த்துக் காயவைக்கும். தினமும் கம்மலைத் திருகிவிடு, இல்லாவிட்டால் ஒட்டிக்கொள்ளும் என்று பார்த்தவர்கள் எல்லாம் சொன்னார்கள். திருகவில்லை. திருகும் ஒவ்வொரு முறையும் உள்ளே பிடித்துவரும் தோல் கிழியும். வெளிறிய மஞ்சளாகப் பொருக்கு கட்டியது. சீழ் என்று பதறினேன், நிணநீர் காய்ந்ததுதான். கீழ்ச்சதை ஆற ஆறு முதல் எட்டு வாரம் என்பார்கள். எனக்கு இடது பக்கம் மூன்று மாதம் எடுத்தது, டி-ஷர்ட் கழற்றும்போது இரண்டு முறை மாட்டியதால்.

*

உங்கள் கதையைப் படித்தேன். நீங்கள் குத்திக்கொண்டவர், நான் குத்தியவன். என்னுடையது இவ்வளவு ஒழுங்கான கதை இல்லை.

கல்லூரி விடுதி. "டேய் மச்சான், ஒரே ஒரு காதுதான்டா" என்று நண்பன் உட்கார்ந்தான். தையல் ஊசி, லைட்டர், பின்னால் முட்டுக்கொடுக்க அழிரப்பர். நீங்கள் தவிர்த்த எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் செய்தேன். ஊசி உள்ளே போய் ரப்பரில் சிக்கிக்கொண்டது. ரப்பரைப் பிடுங்கினால் காதும் கூடவே வருகிறது. ஒருவழியாக எடுத்தபின் கம்மல் நுழையவில்லை, ஏனென்றால் கம்மலின் தண்டு ஊசியைவிடத் தடிமன். அமுக்கி அமுக்கி நுழைத்தேன். அவன் வலியில் கத்தியதற்குச் சிரித்தேன் என்பதை இப்போது நினைத்தாலும் ஒருமாதிரி இருக்கிறது.

மூன்றாம் நாள் காது சிவந்து, தொட்டால் சுட்டது. தண்டு குட்டையான கம்மல். வீக்கத்தில் பின்பக்கத் திருகு சதைக்குள் புதைந்துவிட்டது. முதல் கம்மலுக்குத் தண்டு நீளமாக இருக்க வேண்டும், வீங்க இடம் வேண்டுமே, அது எங்களுக்குத் தெரியவில்லை. பயந்துபோய் அவன் கம்மலைப் பிய்த்து எடுத்தான். ஓட்டையின் வாய் இரண்டு பக்கமும் மூடிக்கொண்டது, சீழ் உள்ளேயே கட்டிக்கொண்டது. டாக்டர் கீறி எடுத்துவிட்டு, கம்மலைக் கழற்றாமல் அன்றைக்கே வந்திருந்தால் சீழ் வடிய வழியாவது இருந்திருக்கும் என்றார். டெட்டனஸ் ஊசி, ஒரு வாரம் ஆன்டிபயாடிக். ஓட்டை தூர்ந்துபோய்விட்டது, சின்னத் தழும்பு மட்டும் இருக்கிறது. எனக்குப் பிறந்தநாள் வாழ்த்து அனுப்பும்போது வருஷா வருஷம் அந்தக் காதைப் படமெடுத்து அனுப்புகிறான்.

*

நான் மூன்றாமவள், சுருக்கமாக என்னுடையது. குத்தியது சுத்தமாக, ஆறியதும் சுத்தமாக. நான்காவது மாதம் காதின் பின்னால் மிளகு அளவு ஒரு உருண்டை, அப்புறம் சுண்டைக்காய் அளவு. கெலாய்ட். காயத்தின் எல்லையைத் தாண்டி வளரும் தழும்பு, குடும்பவாகாக வருவது அதிகம். அம்மாவின் தோளில் தடுப்பூசி போட்ட இடத்தில் அப்படி ஒன்று இருப்பதைச் சிறுவயதிலிருந்து தினமும் பார்த்தவள் நான். குத்திவிட்ட தோழிக்கு இதெல்லாம் எப்படித் தெரியும், நான் அல்லவா யோசித்திருக்க வேண்டும். உருண்டைக்குள்ளேயே ஸ்டீராய்டு ஊசி போடுகிறார்கள், இதுவரை நான்கு தடவை. காது குத்திய வலியை அதோடு ஒப்பிடவே முடியாது. கொஞ்சம் அமுங்கியிருக்கிறது.

*

முதலில் எழுதியவள்தான், மறுபடியும். சுண்டைக்காய் அளவு என்று படித்ததும் என் காதின் பின்பக்கத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டேன். ஒன்றும் இல்லை.

வீட்டிலேயே மறுபடி குத்திக்கொள்வாயா என்று கேட்டிருந்தீர்கள். கீழ்ச்சதைக்கு, கை நடுங்காத ஒருவர் கிடைத்தால், ஒருவேளை. ஆனால் இப்போது தோழிக்கு மேல் காதில் வேண்டுமாம், நான் குத்த வேண்டுமாம். மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். மேலே இருப்பது குருத்தெலும்பு. அதற்கென்று ரத்தக்குழாய் கிடையாது, மேலே மூடியிருக்கும் சவ்விலிருந்துதான் ஊட்டம் போகிறது. கிருமி புகுந்தால் காதின் வடிவமே சுருங்கிப்போகலாம். ஆறவும் ஆறு மாதம், சிலருக்கு ஒரு வருடம்கூட ஆகும். துப்பாக்கி மாதிரிக் கருவியில் அடிக்கும் இடமும் வேண்டாம் என்றேன், மழுங்கலான கம்மலை வேகத்தில் திணிக்கிற வேலை அது. கொஞ்ச நேரம் முறைத்தாள். அப்புறம் ஊசியில் குத்தும் தொழில் தெரிந்தவர் ஒருவரிடம் சனிக்கிழமைக்கு நேரம் வாங்கியிருக்கிறாள்.

கூட நானும் போகிறேன். அவள் சரிந்தால் காலைத் தூக்கிப் பிடிக்க ஆள் வேண்டுமே.