நெல்லிக்குப்பம் ஆலையின் 'பாரி' யார்?

மஞ்சக்குப்பத்தான்:
நேற்று பண்ருட்டி ரோட்டில் கரும்பு டிராக்டருக்குப் பின்னால் ஊர்ந்துகொண்டிருந்தபோது பையன் கேட்டான், நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலைக்குப் பெயராக வைத்திருக்கிற பாரி, முல்லைக்குத் தேர் கொடுத்த பாரியா என்று. இல்லைடா, வெள்ளைக்காரர் என்றேன், அதற்கு மேல் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து தேடினால் ஏகப்பட்ட பாரி! பாட்டுக்கு இசையமைத்தவர், வடதுருவத்துக்குக் கிளம்பியவர், ஹோமரை ஆராய்ந்தவர். எல்லாரும் ஒரே குடும்பமா?

கெடிலக்கரை:
இல்லை. அது வேல்ஸ் பெயர். அங்கேயும் முன்பு நம்மைப் போல அப்பா பெயர்தான் அடையாளம். 'ஆப்' என்றால் மகன். ஹாரியின் மகன் 'ஆப் ஹாரி', சொல்லிச் சொல்லித் தேய்ந்து பாரி. 'ஆப் ரைஸ்' பிரைஸ் ஆனதும் இப்படித்தான். இனிஷியல் ஒன்றாக இருந்தால் பங்காளி ஆகிவிடுவோமா என்ன?

நம் ஆள் தாமஸ் பாரி. 1788இல் சென்னைக்கு வந்தவர், பாரிமுனையும் அவர் பெயரில்தான். 1824இல் பரங்கிப்பேட்டையில் காலராவில் போய்ச் சேர்ந்தார், அடக்கம் செய்தது நம்ம கடலூர் கிறிஸ்து ஆலயத்தில். நெல்லிக்குப்பத்தில் சர்க்கரை ஆலை வந்தது 1842இல், அதை அவர் பார்க்கவே இல்லை.

'ஜெருசலேம்' பாட்டுக்கு 1916இல் மெட்டுப் போட்ட ஹியூபர்ட் பாரியின் கொள்ளுத்தாத்தாவும் ஒரு தாமஸ் பாரி, கிழக்கிந்தியக் கம்பெனி இயக்குநர். அவர் 1816லேயே இறந்துவிட்டார், நம்மவர் இல்லை.

முதுநகர்வாசி:
ஜப்பானுக்குப் போர்க்கப்பலோடு போனாரே, அவரும் பாரிதானே?

கெடிலக்கரை:
அவர் பாரி இல்லை, 'பெரி' (Perry). அது தனிப் பெயர். பேரி மரத்துக்கான பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தது.

வெள்ளிக்கடற்கரை:
எனக்குப் பிடித்தவர் எட்வர்ட் பாரி. 1827இல் பனிமேல் படகுகளை இழுத்துக்கொண்டு துருவத்துக்குக் கிளம்பினார். இவர்கள் வடக்கே நடக்க நடக்க, காலடியில் இருந்த பனிப்பாளம் தெற்கே நகர்ந்துகொண்டே இருந்ததாம்! அப்படியும் வட அட்சரேகை 82 டிகிரி 45 நிமிடம் வரை போனார், ஏறக்குறைய அரை நூற்றாண்டு யாரும் அதைத் தாண்டவில்லை.

அப்புறம் மில்மன் பாரி, அமெரிக்கர், 33 வயதில் இறந்துவிட்டார். ஹோமர் காவியங்கள் வாய்மொழி மரபில் உருவானவை என்று காட்டியவர். அந்த முறையைத்தான் நம் தமிழறிஞர் கைலாசபதி சங்கப் பாடல்களுக்குப் பொருத்திப் பார்த்தார். சுற்றி வளைத்துப் பார்த்தால் கபிலரின் பாரியிடமே வந்துவிட்டோம்.

மஞ்சக்குப்பத்தான்:
எல்லாவற்றையும் பையனிடம் சொன்னேன். அவன் பிடித்துக்கொண்டது 'ஆப் ஹாரி' ஒன்றைத்தான். என் பெயர் ஹரி. "அப்போ நானும் பாரிதானேப்பா" என்று காலையிலிருந்து சுற்றிக்கொண்டிருக்கிறான்.