உதவி: பத்திரிகை, பிளெக்ஸ் டிசைனுக்கு மவுஸ் போதுமா, டிராயிங் டேப்லெட் வாங்கலாமா?

கேட்டவர் (மஞ்சக்குப்பம், கடலூர்):
பிரிண்டிங் கடையில் டிசைன் பார்க்கிறேன். பிளெக்ஸ், விசிட்டிங் கார்டு, கல்யாணப் பத்திரிகை எல்லாமே கோரல் டிரா என்ற டிசைன் மென்பொருளில், மவுஸால்தான். இப்போது பத்திரிகையில் மாப்பிள்ளை, பெண்ணைக் கார்ட்டூனாக வரைந்து போடச் சொல்லிக் கேட்கிறார்கள். தேவனாம்பட்டினம் மாசி மகத்துக்குப் பேனர் அடிக்க வருபவர்கள்கூட கையால் எழுதிய எழுத்து வேண்டும் என்கிறார்கள். மவுஸில் தலைமுடி வரைந்தால் கட்டுக்கம்பியை வளைத்து வைத்த மாதிரி இருக்கிறது. மணிக்கட்டு வலி வேறு. 4,000 ரூபாய் வரை போடலாம். நல்ல மவுஸா, கணினியில் செருகிப் பேனாவால் வரைகிற பலகையான டேப்லெட்டா?

பழைய கோரல் ஆள் (திருப்பாதிரிப்புலியூர்):
தம்பி, கோரலில் செய்வது வரைவது இல்லை, நோட் (கோட்டை வளைக்கும் புள்ளி) வைப்பது. எப்10 அழுத்தி நோடை இழுக்க மவுஸ்தான் சுகம். கார்ட்டூன் எப்போதாவதுதான் வருகிறது என்றால் வெள்ளைத் தாளில் கறுப்பு மார்க்கரால் வரை. போனில் படம் எடுத்து, கோரலிலேயே பவர்டிரேஸ் கொடு, படத்தைத் தானே கோடுகளாக மாற்றித் தரும். காசு மிச்சம்.

வில்லியனூர் அக்கா (புதுச்சேரி, படம் வரைவது தொழில்):
அண்ணன் சொல்வது லோகோவுக்கும் லேஅவுட்டுக்கும் முழுக்கச் சரி. ஆனால் முகமும் முடியும் கேட்பது வேறு. மவுஸ் ‘அழுத்தினேன், விட்டேன்’ என்று மட்டும்தான் சொல்லும். டேப்லெட்டின் பேனா எவ்வளவு அழுத்தினாய் என்பதையும் சேர்த்துச் சொல்லும். ‘ழ’வின் சுழி மெல்லிதாகத் தொடங்கித் தடித்து மறுபடி மெலிவது அதனால்தான்.

இன்னொன்று, மவுஸைத் தூக்கி எங்கே வைத்தாலும் அம்புக்குறி விட்ட இடத்திலேயே நிற்கும். டேப்லெட்டில் அப்படி இல்லை. அதன் வலது மூலை என்றால் திரையின் வலது மூலைதான். பேனா தாளில் போகிற மாதிரியே போகும். ஆனால் பார்வை திரையில், கை மேசையில். இது பழகும்வரை எரிச்சலாக இருக்கும், முதல் வாரத்திலேயே பெட்டிக்குள் திரும்பப் போட்டுவிடாதே.

உன் பட்ஜெட்டில் திரை இல்லாத சின்ன டேப்லெட் வரும். வரையும் இடம் ஏறக்குறைய 6க்கு 4 அங்குலம். ஹுயான், எக்ஸ்பி-பென், வாகாம் மூன்றிலும் இந்த அளவு உண்டு. பேனா பேட்டரி இல்லாததாகப் பார். 4096, 8192 என்று அழுத்த நிலைகளைப் போட்டு விற்பார்கள், அந்த வித்தியாசம் கைக்குத் தெரியாது. லேசாகத் தொட்டாலே கோடு விழுகிறதா என்பதுதான் முக்கியம். அளவு சின்னது என்பதால் 22 அங்குலத் திரையில் கையின் அசைவு மூன்று மடங்காகத் தெரியும். ஜூம் செய்து வரை.

மவுஸைத் தூக்கிப் போட வேண்டாம். கோரலுக்கு மவுஸ், படத்துக்கும் எழுத்துக்கும் கிரிட்டாவில் பேனா. கிரிட்டா படம் வரையும் மென்பொருள், இலவசம். மணிக்கட்டு வலிக்கு மட்டும் என்றால் டேப்லெட் வேண்டாம், முதலில் மேசை உயரத்தைப் பார்.

கேட்டவர்:
அக்கா, டேப்லெட் வாங்கிவிட்டேன். மூன்று தொல்லை. வட்டம் போட்டால் முட்டை மாதிரி உயரமாக நீள்கிறது. பேனாவை வைத்ததும் ஒரு சின்ன வளையம் சுற்றி, அப்புறம்தான் கோடு வருகிறது. அழுத்தினாலும் கோடு தடிக்கவில்லை. கடையில் இருப்பது பழைய சதுர மானிட்டர்.

வில்லியனூர் அக்கா:
முட்டைக்குக் காரணம் அந்த மானிட்டர்தான். டேப்லெட் அகலம், உன் திரை 5:4. அகலத்தை நெருக்கிப் போடுகிறது. டிரைவரை (டேப்லெட்டுக்கான மென்பொருளை) திறந்து, வரையும் பகுதியைத் திரையின் விகிதத்துக்கு மாற்று. ஓரத்தில் கொஞ்சம் இடம் வீணாகும், பரவாயில்லை.

வளையம் விண்டோஸின் வேலை, பேனாவை வைத்திருந்தால் ரைட் கிளிக் என்று நினைக்கிறது. கன்ட்ரோல் பேனலில் ‘பென் அண்ட் டச்’, அதில் ‘பிரஸ் அண்ட் ஹோல்ட்’, அதன் செட்டிங்ஸில் டிக்கை எடு.

தடிமனுக்கு: பேனாவின் அழுத்தத்தை மென்பொருளுக்குச் சொல்ல ‘விண்டேப்’, ‘விண்டோஸ் இங்க்’ என்று இரண்டு வழி உண்டு. கிரிட்டாவின் டேப்லெட் செட்டிங்ஸில் ‘விண்டேப்’ தேர்வு செய்து, டிரைவரில் ‘விண்டோஸ் இங்க்’கை நிறுத்திவிட்டு, கிரிட்டாவை மூடித் திற. போட்டோஷாப் என்றால் நேர்மாறு, அதற்கு விண்டோஸ் இங்க் ஓட வேண்டும். அந்தக் கணினியில் வேறு கம்பெனி டேப்லெட்டின் டிரைவர் ஏதாவது இருக்கிறதா? இருந்தால் அதை முதலில் நீக்கு. இரண்டும் இருந்தால் சண்டை போடும்.

கேட்டவர்:
இருந்தது அக்கா, முன்பு வேலை பார்த்தவர் போட்டது. நீக்கி, ரீஸ்டார்ட் செய்ததும் அழுத்தம் வந்துவிட்டது. வட்டமும் சரி, வளையமும் போய்விட்டது. கிரிட்டாவில் வரைந்ததைப் பின்னணி இல்லாத பிஎன்ஜி படமாகக் கோரலுக்குக் கொண்டுபோகிறேன். பத்திரிகை அளவுக்கு 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) போதுமா?

பழைய கோரல் ஆள்:
பத்திரிகைக்குப் போதும். பேனருக்கு அதே படத்தைப் பெரிதாக்கினால் உடையும், எழுத்தை மட்டும் டிரேஸ் செய்து வெக்டராக்கிக்கொள், அதை எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாது. அப்புறம் தம்பி, கார்ட்டூனுக்குத் தனியாகக் காசு வாங்கு. கார்டு ரேட்டோடு சேர்த்துவிட்டால் அப்புறம் யாரும் தனியாகத் தர மாட்டார்கள்.