ரேக் செய்யாத கோல்ட் விங் ட்ரைக் குப்பையா?

மூன்றுசக்கரன்: அமெரிக்காவின் டெக்சாஸ் மாநில ஆஸ்டினில் ஒருவர், மூன்று சக்கர ட்ரைக்காக மாற்றிய தம் 2008 ஹோண்டா கோல்ட் விங் பைக்கை நேரடியாக விற்கிறார், வாங்கலாமா என்று நேற்று ஒரு அன்பர் இந்த மன்றத்தில் கேட்டார். அதற்குப் பழையவிங்கர், “முன் ஃபோர்க்கில் ரேக் கிட் போடாத ட்ரைக் குப்பை” என்று ஒரே வரியில் தீர்ப்பு எழுதிவிட்டார். ரேக் கிட் என்பது முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் சாய்வை மாற்றும் பாகங்கள். என் வண்டியிலும் ரேக் கிட் கிடையாது. அது குப்பை என்று இதுவரை எவரும் சொன்னதில்லை.

பழையவிங்கர்: முகத்துக்கு நேரே யார் சொல்வார்கள்? பைக் சாய்ந்து திரும்பும். ட்ரைக் சாயாது என்பதால் ஹேண்டில்பாரைத் தோள் வலுவால் இழுத்துத்தான் திருப்ப வேண்டும். பைக்குக்கென்று வகுத்த ஃபோர்க் கோணத்தை அப்படியே விட்டுவிட்டுப் பின்னால் இரண்டு சக்கரங்களை மட்டும் மாட்டினால் ஸ்டியரிங் கனக்கும். ரேக் கிட் முன்சக்கரத்தைச் சற்று முன்னே தள்ளி ட்ரெயிலை, அதாவது ஸ்டியரிங் அச்சின் கோடு தரையைத் தொடும் இடத்துக்கும் டயர் தரையைத் தொடும் இடத்துக்கும் உள்ள தூரத்தை, குறைப்பதால்தான் ஸ்டியரிங் இலகுவாகிறது. ஆஸ்டின் பக்கத்து ஹில் கன்ட்ரி மலைச்சாலை வளைவுகளில் ஓட்டிப் பார்த்தவருக்கு இதை விளக்கவே தேவையில்லை.

மூன்றுசக்கரன்: ரேக் செய்த வண்டிகள் மெதுவாகப் போகும்போது ஹேண்டில்பார் இடமும் வலமுமாக உதறுவதைப் பற்றி மட்டும் தாங்கள் மூச்சு விடவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க வேண்டாம்.

பழையவிங்கர்: ஃபோர்க் திரும்பும் இடத்திலுள்ள ஸ்டியரிங் ஹெட் பேரிங் தளர்ந்திருந்தாலும், முன் டயர் மேடு பள்ளமாகத் தேய்ந்திருந்தாலும் உதறத்தான் செய்யும். பேரிங்கை முறுக்கத் தெரியாதவர்கள் ரேக் மீது பழி போடுகிறார்கள்.

கவுண்டிக்காரர்: இருவரும் ஃபோர்க்கையே பிடித்துத் தொங்கினால் எப்படி? வாங்குபவர் முதலில் வண்டியின் உரிமைப் பத்திரமான டைட்டிலைப் பார்க்க வேண்டும். அதில் கடன் கொடுத்த வங்கியின் பெயர் இருந்தால், கடன் தீர்ந்ததற்கான கடிதம் கைக்கு வராமல் ஒரு டாலர்கூடக் கொடுக்கக் கூடாது. 2010 வரையிலான மாடல்களுக்கு வண்டி ஓடிய தூரத்தைக் காட்டும் ஓடோமீட்டர் கணக்கை எழுதிக் கொடுக்க வேண்டிய கட்டாயம் இப்போது கூட்டாட்சி விதியில் இல்லை என்பதால், இந்த 2008 வண்டியின் மீட்டரை நம்பி விலை பேசுவதும் தவறு. விற்பவரையும் அழைத்துக்கொண்டு கவுண்டி (மாவட்ட) வரி அலுவலகத்துக்கே போய்ப் பெயர் மாற்றிக்கொள்வது நல்லது.

பழையவிங்கர்: டைட்டில் சுத்தமாக இருந்தால் ஸ்டியரிங் இலகுவாகிவிடுமா? கேள்வி ரேக் பற்றியது.

கவுண்டிக்காரர்: கேள்வி வாங்கலாமா என்பதுதான், ஐயா.

ஹார்லிதாசன்: 2009 மாடலிலேயே ஹார்லி நிறுவனம் ட்ரை கிளைடைத் தொழிற்சாலையில் மூன்று சக்கர வண்டியாகவே தயாரிக்கத் தொடங்கிவிட்டது. அதை வாங்கியிருந்தால் இந்தப் பஞ்சாயத்தே வந்திருக்காது.

மூன்றுசக்கரன்: 1832 சிசி, ஆறு சிலிண்டர் இன்ஜினின் அமைதியை அனுபவித்தவர் ஹார்லியின் இரண்டு சிலிண்டர் அதிர்வைத் தேடிப் போக மாட்டார். தாங்கள் எந்த இழையில் நுழைந்தாலும் இதே விளம்பரம்தான்.

ஹார்லிதாசன்: பின்சக்கரங்களுக்குக் கார் டயர் போடலாமா என்ற விவாதத்தில் பதில் சொல்லாமல் நழுவியவர் பேசுகிறார்!

மூன்றுசக்கரன்: நழுவவில்லை. சாயாத வண்டிக்குக் கார் டயர்தான் பொருத்தம் என்று அன்றே எழுதினேன். படிக்காதது தங்கள் குறை.

பழையவிங்கர்: டயரை விடுங்கள். அந்த ஹார்லி நிறுவனமும் ட்ரைக்குக்கென்று ஃபோர்க் அமைப்பை மாற்றித்தான் தயாரிக்கிறது. ஆக, என் கட்சிக்கே சாட்சி சேர்ந்திருக்கிறது. மூன்றுசக்கரனார் ரேக் கிட் போட்ட வண்டியை ஒருமுறையாவது ஓட்டியிருக்கிறாரா?

மூன்றுசக்கரன்: ஓட்டியிருக்கிறேன். உதறியது.

பழையவிங்கர்: பேரிங்கைப் பார்த்தீர்களா?