ஓடும்போது தூக்கிக்கொள்ள முடிகிற சொத்து

கோத்தகிரிப் பக்கத்திலிருந்து ஓர் உறுப்பினர்:

பணத்தின் மீது நல்ல மனநிலையை வளர்த்துக்கொள்ள, காலையில் எழுந்ததும் "நான் செல்வந்தன்" என்று பத்து முறை சொல்லிப் பார்க்கும் பயிற்சியை நானும் ஒரு மாதம் செய்தேன். பால்காரருக்குத் தர வேண்டிய பாக்கியை நினைத்துக்கொண்டே சொன்னதால் அது வாயோடு நின்றுவிட்டது. எனக்கு உதவியது, என் அம்மாயியிடம் (அம்மாவின் அம்மா) ஒரு மாலை கேட்ட கேள்வியும் அவர் சொன்ன பதிலும்தான்.

அம்மாயி இலங்கையில் பதுளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீட்டில், பிறந்தவர். இலங்கையும் இந்தியாவும் 1964-இல் கையெழுத்திட்ட சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம், அங்கிருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று முடிவு செய்தது. அந்தக் கணக்கில் அவர் குடும்பமும் விழுந்தது. 1973-இல் தலைமன்னாரில் கப்பலேறி, இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் சில வாரங்கள் கிடந்து, பிறகு மலையேறி வந்து, தாயகம் திரும்பியோருக்கு வேலை தருவதற்காக அரசு 1968-இல் தொடங்கிய தேயிலைத் திட்டத்தின் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கச் சேர்ந்தார். அதன்பின் ஐம்பது ஆண்டுகளில் அவர் ஒரு சென்ட் நிலம்கூட வாங்கவில்லை. மிச்சம் பிடித்ததெல்லாம் தோடாகவும் சங்கிலியாகவும் மாறி, ஒரு பழைய பிஸ்கட் டின்னுக்குள் போயிற்று.

நானும் அப்படியே வளர்ந்தேன் என்பது எனக்கே தெரியவில்லை. தவணையில் வீட்டுமனை வாங்கும் வாய்ப்பு இரண்டு முறை வந்தும், ஏதோ சாக்குச் சொல்லித் தட்டிக்கழித்தேன். ஆனால் அரைப் பவுன் காசு வாங்கிய நாளில் மட்டும் நிம்மதியாகத் தூங்கினேன். இது ஏன் என்று அம்மாயியிடம் கேட்டபோது அவர் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார், நிமிராமலே, "மண்ணைத் தூக்கிட்டுக் கப்பல்ல ஏற முடியுமாடா?" என்றார்.

நான் சிக்கனம் என்று நினைத்திருந்தது, இன்னொரு கப்பல் வந்துவிடுமோ என்ற அச்சம் என்பது அப்போதுதான் புரிந்தது. அம்மாயியின் அச்சத்தில் தவறில்லை. அவர் கொண்டுவந்த நகைதான் இங்கே முதல் ஆண்டு அடுப்பெரித்தது. ஆனால் கோத்தகிரியிலேயே பிறந்து வளர்ந்த நான் எந்தக் கப்பலுக்காகக் காத்திருக்கிறேன்? என் தங்கையின் செவிலியர் படிப்புக்குக் கட்டணம் கட்ட வேண்டிய சமயத்தில் கையில் ரொக்கம் இல்லாமல், அதே சங்கிலியை அடகு வைத்துப் பதினான்கு மாதம் வட்டி கட்டினோம். டின் நிறையச் சொத்து வைத்துக்கொண்டு வட்டி கட்டிய குடும்பம் எங்களுடையது. மறு மாதமே அஞ்சலகத்தில் அறுபது மாதத் தொடர் வைப்புக் கணக்கு ஒன்றைத் தொடங்கினேன். பெருந்தொகை ஒன்றும் சேர்ந்துவிடவில்லை. ஆனால் கட்டும்போது கை நடுங்குவது நின்றிருக்கிறது.

மன்னவனூரிலிருந்து ஓர் உறுப்பினர்:

மேலே எழுதிய நண்பருக்கு அச்சம் என்றால், எனக்கு இருந்தது வெட்கம். காசைப் பற்றி வாய்விட்டுப் பேசுகிறவன் பேராசைக்காரன் என்று எங்கள் வீட்டில் ஓர் எண்ணம் உண்டு. 2019-இல் கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது ஊரே விலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க, நான் மட்டும் வடுகபட்டிச் சந்தைக்கு மூட்டைகளைக் கொண்டுபோய், சொன்ன விலைக்குத் தலையாட்டிவிட்டுத் திரும்பினேன்.

ஒரு மே மாதம், பெருமாள்மலையில் பேருந்துக்காக நின்றபோது, பிளம்ஸ் விற்றுக்கொண்டிருந்த ஓர் அம்மாவிடம் சுற்றுலா வந்த ஒருவர் பாதி விலைக்குக் கேட்டார். அந்த அம்மா கோபப்படவுமில்லை, கெஞ்சவுமில்லை. விலையை ஒருமுறை சொன்னார், சிரித்தார், கூடையில் பழத்தை அடுக்கத் தொடங்கிவிட்டார். கேட்டவர் நான்கடி நடந்து திரும்பி வந்து ஒரு கிலோ வாங்கினார். கூடையில் இருந்தது மொத்தம் எட்டு கிலோ இருக்குமோ என்னவோ. என்னிடம் இருந்ததோ பத்து மூட்டைப் பூண்டு. இருந்தும் அந்த நிமிர்வு என்னிடம் இல்லாமற்போயிற்றே என்று பேருந்து முழுக்க நினைத்துக்கொண்டு வந்தேன்.

அடுத்த முறை சந்தையில், இதை ஏன் இரண்டாம் தரத்தில் சேர்த்தீர்கள் என்று மட்டும் கேட்டேன். குரல் கம்மிப்போயிற்று. வியாபாரி மறுப்பின்றி மூட்டைகளைப் பிரித்துக் கொட்டிப் பார்த்து, பத்தில் நான்கை முதல் தரத்துக்கு மாற்றினார். அவர் என்னைத் தவறாக நினைத்ததாகவே தெரியவில்லை; தேநீர்கூட வாங்கித் தந்தார்.

குன்னூரிலிருந்து ஓர் உறுப்பினர்:

நாங்கள் சிறு தேயிலை விவசாயிகள். கொழுந்து வாங்கும் தொழிற்சாலையிலிருந்து மாதக் கடைசியில் வரும் இலைக் கணக்குச் சீட்டைப் பிரிக்காமலேயே அலமாரியில் போட்டுவைப்பது எங்கள் அப்பாவின் பழக்கம். எனக்கும் அது தொற்றியிருந்தது. உங்கள் இருவரின் பதிவையும் படித்தபின் நேற்று ஏழு சீட்டுகளைப் பிரித்தேன். முன்பணமாக வாங்கியது நான் நினைத்து அஞ்சியதில் பாதிதான் இருந்தது. கோத்தகிரி நண்பரே, அம்மாயி இன்னும் வங்கிப் பக்கமே போகவில்லையா?

கோத்தகிரி உறுப்பினர்:

போகிறார். 2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத் தொகை தொடங்கியபோது, குடும்ப அட்டையில் தலைவி அவரே என்பதால், வங்கிக் கணக்கு வேறு வழியின்றி வந்து சேர்ந்தது. முதல் சில மாதங்கள் ஆயிரம் ரூபாயையும் எடுத்துவரச் சொல்லி, எண்ணிப் பார்த்து, மறுநாள் ஐந்நூறைத் திரும்பப் போடச் சொல்லுவார். வங்கியில் பணம் உண்மையாகவே இருக்கிறதா என்று சோதிக்கிறாராம். இப்போது எடுக்கச் சொல்வதில்லை. பாஸ்புக்கில் வரவு பதிந்திருந்தால் போதும் என்கிறார். அந்தப் பாஸ்புக்கை எங்கே வைத்திருக்கிறார் என்று தேடினேன்; பிஸ்கட் டின்னுக்குள், தோட்டுக்கு அடியில், துணியில் சுற்றி வைத்திருக்கிறார். கேட்டதற்கு, "இதையும் தூக்கிட்டு ஓடலாம்ல" என்றார்.